வெயிலுக்கு மீட்டர் எதற்கு?

குளிர்சாதனப் பெட்டி அளவில் ஓர் அலமாரி. உள்ளே எல்.இ.டி. விளக்குகள், சத்துக் கரைசல் நிரம்பிய தொட்டி, கரைசலைச் சுற்றவிடும் சிறு மோட்டார், ஒரு மின்விசிறி. மண்ணும் வெயிலும் இல்லாமல் சில வாரங்களில் கீரை வந்துவிடுகிறது. நகரத்தின் உணவுக்கும், தண்ணீர்ப் பஞ்சத்துக்கும், பூச்சிமருந்துப் பயத்துக்கும் இந்த ஹைட்ரோபோனிக்ஸ் அலமாரியே விடை என்ற நம்பிக்கை படித்த நடுத்தர வர்க்கத்திடம் வேகமாகப் பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். கருவியோடு எனக்குப் பகை இல்லை. அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கும் கூற்றுகளைத்தான் மறுக்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுவது நியாயம். 2015-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லெட்டூஸ் கீரையை எடுத்துக்கொண்டு வயலையும் ஹைட்ரோபோனிக்ஸையும் ஒப்பிட்டார்கள். அரிசோனாவின் யூமா வட்டார வயலில் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 3.9 கிலோ, ஹைட்ரோபோனிக்ஸில் 41 கிலோ. ஒரு கிலோவுக்கு வயல் கேட்ட தண்ணீர் 250 லிட்டர். ஹைட்ரோபோனிக்ஸ் கேட்டது 20 லிட்டர். விளைச்சல் பத்து மடங்கு, தண்ணீர் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதோடு பூச்சிமருந்து தெளிக்கத் தேவையில்லை, லாரி ஏறி வர வேண்டியதில்லை, பறித்த நிமிடத்திலேயே சமைக்கலாம், பால்கனிகூட இல்லாத வீட்டிலும் வளர்க்கலாம் என்கிறார்கள். இவற்றில் பொய் என்று ஒதுக்கத்தக்கது எதுவும் இல்லை.

ஆனால் அதே ஆய்வில் மூன்றாவது ஒப்பீடு ஒன்று உண்டு. ஒரு கிலோ லெட்டூஸுக்கு வயலில் 1,100 கிலோஜூல் ஆற்றல். ஹைட்ரோபோனிக்ஸில் 90,000 கிலோஜூல். நம் மின்கணக்கு மொழியில் சொன்னால் 0.3 யூனிட்டுக்கு எதிராக 25 யூனிட், அதாவது எண்பது மடங்குக்கு மேல். அதுவும் சூரிய ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும் பசுமைக்குடிலுக்கான கணக்கு. வெயிலே எட்டாத அலமாரியோ ஒளி முழுவதையும் மின்சாரத்திலிருந்தே பெற வேண்டும். விளம்பரங்கள் முதல் இரண்டு ஒப்பீடுகளை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டுவிட்டன. என் மறுப்புகள் அந்த விடுபட்ட வரியிலிருந்து தொடங்குகின்றன.

1. மின்சாரத்தை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? வீட்டு அலமாரி ஒன்றில் 100 வாட் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1.6 யூனிட். மோட்டாரையும் விசிறியையும் சேர்த்தால் 2 யூனிட்டைத் தொடும். மாதம் 60, இரண்டு மாதத்துக்கு 120. தமிழ்நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் ஏழைக் குடும்பம் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஓட்ட உதவும் அந்த அளவை ஒரே ஓர் அலமாரி விழுங்கிவிட்டு இன்னும் கேட்கிறது.

இதற்குக் கிடைப்பது எவ்வளவு? நாற்றுப் பருவம், செடிகளுக்கு இடையிலான வெற்றிடம், தோற்றுப்போகும் செடிகள் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மாதம் 3 கிலோ கீரை என்று தாராளமாகவே வைப்போம். கிலோவுக்கு 20 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று குறைத்துப் பிடித்தாலும் ஒரு கிலோ கீரைக்கு மின்சாரம் மட்டும் 100 ரூபாய். விதை, சத்துக் கரைசல், அலமாரியின் விலை எல்லாம் இதற்கு மேல். நான் மிகைப்படுத்தவில்லை. 2021-ல் உலகெங்கும் உள்ள உள்ளரங்கப் பண்ணைகளிடம் எடுத்த கணக்கெடுப்பில் அடுக்குப் பண்ணைகளின் சராசரி கிலோவுக்கு 38.8 யூனிட், பசுமைக்குடில்களுக்கு 5.4 யூனிட். தொழில் தெரிந்தவர்கள் பெரிய அளவில் செய்தபோதே அந்த நிலை.

2. லாரியை நிறுத்திவிட்டால் புவி குளிர்ந்துவிடுமா? ‘தூரத்திலிருந்து வராத உணவு’ என்ற வாதம் கேட்க இனிமையானது, கணக்கில் நிற்காதது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு கிலோ கீரைக்கு 20 யூனிட் என்றால் 14 கிலோ. நீலகிரியில் விளைந்த லெட்டூஸ் சென்னைக்கு வர ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் போலப் பயணிக்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் சுமக்க லாரி ஏறத்தாழ 100 கிராம் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும் என்று கொண்டால், ஒரு கிலோ லெட்டூஸின் பங்குக்கு வருவது 55 கிராம். குளிரூட்டிய வண்டி என்று இரட்டிப்பாக்கினாலும் 110 கிராம். அந்த 110 கிராமை மிச்சம் பிடிக்க 14,000 கிராமைச் செலவழிப்பதை எந்தச் சூழலியல் நியாயப்படுத்தும்?

3. “சோலார் போட்டால் தீர்ந்தது” என்பவர்கள் பலகையை எங்கே வைப்பார்கள்? சோலார் பலகை தன்மேல் விழும் வெயிலில் சுமார் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும். நல்ல எல்.இ.டி. அதில் பாதியை ஒளியாக்கும். ஆக வெயிலில் 10 சதவீதமே செடிக்குப் போய்ச் சேர்கிறது. நேரடி வெயிலிலோ செடிக்குப் பயன்படும் ஒளி ஏறத்தாழ 45 சதவீதம். ஒரு சதுர அடிச் செடிக்கு அதே அளவு ஒளியைத் தர நாலரை சதுர அடிப் பலகை வேண்டும். நிலத்தை மிச்சம் பிடிக்க வந்த கருவி நிலத்தை இன்னொரு ஊருக்குத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். சென்னையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 5 யூனிட்டுக்கு மேல் வெயில் இலவசமாக விழுகிறது. மாடியில் விழும் அந்த வெயிலைப் பலகையில் பிடித்து, கம்பி வழியே கீழே இறக்கி, பத்தில் ஒன்பது பங்கை வழியில் தொலைத்து, மிச்சத்தைக் கீரைக்குக் காட்டுவதைவிடக் கீரையை மாடிக்கு ஏற்றிவிடுவது எளிது.

4. தண்ணீர் உண்மையிலேயே எவ்வளவு மிச்சம்? கிலோவுக்கு 230 லிட்டர் மிச்சம் என்ற அரிசோனா கணக்கையே ஏற்போம். மாதம் 3 கிலோவுக்கு 690 லிட்டர். இதிலிருந்து இரண்டைக் கழிக்க வேண்டும். முதலாவது, ஆர்.ஓ. கழிவு. சத்துக் கரைசலுக்கு உப்பு குறைந்த தண்ணீர் வேண்டும். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின்) அளவு அதை நேரடியாகப் பயன்படுத்த விடாது, ஆர்.ஓ. கருவி வழியே வந்தால்தான் ஆகும். வீட்டு ஆர்.ஓ. பொதுவாக ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு லிட்டரையாவது கழிவாக வெளியேற்றுகிறது. இரண்டாவது, மின்நிலையம் குடிக்கும் நீர். 2015-ல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் பழைய அனல்மின் நிலையங்களுக்கு விதித்த உச்சவரம்பு யூனிட்டுக்கு 3.5 லிட்டர். மேட்டூர் போன்ற உள்நாட்டு நிலையத்திலிருந்து வரும் 60 யூனிட்டுக்கு அந்த வரம்பின்படி 210 லிட்டர். இரண்டையும் கழித்தால் மிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

அந்தப் பாதியும் யாருக்குப் பெரிது? நகர்ப்புறக் குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு மாதம் 16,200 லிட்டர். அலமாரி மிச்சப்படுத்துவது அதில் இரண்டு சதவீதம் சொச்சம். ஒழுகும் குழாயைச் சரிசெய்து இதைவிடக் கூடுதலாகச் சேமிக்கலாம். விவசாயத்தின் தண்ணீர்ச் செலவைப் பற்றிய கவலை மெய்யானது என்றால் அதற்கான விடை வயலிலேயே இருக்கிறது: தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீர்ப் பாசனம் தரப்படுகிறது. அந்தக் குழாய்கள் இன்னும் எத்தனையோ வயல்களுக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

5. ‘ரசாயனமே இல்லாதது’ என்ற வாசகம் அப்பட்டமான பொய். அலமாரியோடு வரும் ‘ஏ’, ‘பி’ புட்டிகளில் இருப்பவை என்ன? கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், இரும்புச் சேர்மம், கொஞ்சம் போரான், துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம். எல்லாம் உர உப்புகள். உர உப்பில் வளர்ந்தது என்பதற்காக அந்தக் கீரை விஷமாகிவிடாது. வேர் எடுத்துக்கொள்வது அயனிகளைத்தான், அவை எருவிலிருந்து வந்தனவா புட்டியிலிருந்து வந்தனவா என்று அது பார்ப்பதில்லை. மண்ணில்லாமல் வளர்ந்தது ‘உயிரற்றது’ என்று மறுமுனையில் நின்று பேசுபவர்களின் வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ஆனால் உரக் கரைசலில் வளர்ந்ததை ‘ரசாயனமற்றது’ என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது.

இதற்குள் ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. வெளிச்சம் குறைந்தால் இலை தான் உறிஞ்சிய நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற முடியாமல் தேக்கிவைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே லெட்டூஸுக்கு வரம்பு வைத்திருக்கிறது. கோடையில் திறந்த வெளியில் விளைந்ததற்குக் கிலோவுக்கு 3,000 மில்லிகிராம், மூடிய கூரைக்குள் விளைந்ததற்கு 4,000. கூரைக்குள் தேக்கம் கூடும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. மின்செலவைக் குறைக்க மங்கலான விளக்கும், விளைச்சலைக் கூட்டத் தாராளமான நைட்ரேட்டும் சேரும் வீட்டு அலமாரியில் இலையைப் பரிசோதிப்பது யார்?

6. நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கும் அலமாரிக்கும் என்ன பொருத்தம்? அலமாரி இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள் வந்து சேர்கிறது. பெர்லினில் ஜனவரி மாதம் அந்த வெப்பம் வீட்டுக்கு உதவும். சென்னையில் மே மாதம் அதை வெளியேற்ற ஏ.சி. கூடுதலாக உழைக்க வேண்டும். இலை வெளிவிடும் ஈரமும் அறைக்குள்தான் வருகிறது, அதையும் ஏ.சி.தான் பிழிந்து வெளியே அனுப்புகிறது. கரைசல் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.6. வேர் மூச்சுத் திணறும். வேரழுகல் நோய் காத்திருந்து நுழையும்.

இத்தனையும் எந்தச் செடிக்காக? லெட்டூஸ் குளிர்ப்பருவச் செடி. சூடு ஏறினால் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும். நம் தண்டுக்கீரையும் சிறுகீரையும் அரைக்கீரையும் அதற்கு நேர்மாறான குணம் கொண்ட அமராந்த் இனம். சூட்டையும் கடும் வெயிலையும் விரும்பி, அந்த ஒளியைத் திறம்பட உணவாக்கும் சி-4 வகைச் செடிகள். விதைத்த ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். முருங்கைக்கு விதைப்பும் வேண்டாம். கொம்பை நட்டால் போதும். வெயிலைத் தின்று கொழுக்கும் கீரைகள் இத்தனை இருக்கும் நாட்டில், வெயில் ஆகாத ஒரு கீரைக்காக வெயிலை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்வது ஏன்?

7. கீரை உணவுதான், ஆனால் சோறு ஆகுமா? ‘நகரங்களுக்கு உணவூட்டும் தொழில்நுட்பம்’ என்ற பெரிய சொல்லை இங்கே உரசிப் பார்க்க வேண்டும். 100 கிராம் லெட்டூஸில் 15 கலோரி. ஒருவருக்கு நாளைக்கு 2,000 கலோரி வேண்டுமென்றால் 13 கிலோ தின்ன வேண்டும். சரி, அலமாரியில் நெல்லே வளர்க்கலாமா? நெல், கோதுமை போன்ற செடிகள் வெயிலின் ஆற்றலில் கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சமே 4.6 சதவீதம், வயலில் பொதுவாக அதில் பாதியைக்கூட அவை தொடுவதில்லை. உச்சத்தையே தொட்டன என்று வைத்து, விளக்கின் இழப்பையும் வைக்கோலுக்குப் போகும் பங்கையும் சேர்த்தால், ஒரு கிலோ அரிசிக்கு 100 யூனிட்டுக்கு மேல் எரிக்க வேண்டியிருக்கும். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து அடுக்குப் பண்ணையின் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1,940 டன் வரை கோதுமை விளையலாம் என்று கணித்தது. அதே ஆய்வாளர்கள், மின்செலவு காரணமாக இன்றைய சந்தை விலையோடு அது போட்டியிட முடியாது என்றும் எழுதினார்கள். தலைப்புச் செய்திகள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டன.

8. “இன்று விலை அதிகம்தான், நாளை குறையும்” என்பது எப்போதும் எடுபடும் வாதமா? கணினி மலிந்தது, கைபேசி மலிந்தது, இதுவும் மலியும் என்கிறார்கள். ஆனால் விளக்குக்கு இயற்பியல் ஒரு கூரை போட்டிருக்கிறது. ஒரு ஜூல் ஆற்றலில் கிடைக்கக்கூடிய சிவப்பு ஒளித்துகள்கள் அதிகபட்சம் 5.5 மைக்ரோமோல். இன்றைய நல்ல விளக்குகள் ஏற்கெனவே 3-ஐத் தொட்டுவிட்டன. ஒரு துளி இழப்பும் இல்லாத விளக்கு நாளைக்கே வந்தாலும் மின்செலவு பாதியாகக்கூடக் குறையாது. எண்பது மடங்குப் பள்ளத்தை அது தூர்க்காது.

முதலீட்டாளர்கள் இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றார்கள். கடைகளுக்குள் கண்ணாடி அலமாரிகளை வைத்துக் கீரை வளர்த்த பெர்லினின் இன்ஃபார்ம் 2022-ல் ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. அமெரிக்க அடுக்குப் பண்ணை நிறுவனமான ஏரோஃபார்ம்ஸ் 2023-ல் அந்நாட்டுத் திவால் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடியது. அதே தொழிலில் இருந்த பவரி 2024-ல் கடையை மூடியது. பிளென்ட்டி 2025-ல் திவால் மனு போட்டது. இவர்களிடம் பணத்துக்கோ பொறியாளர்களுக்கோ பஞ்சம் இருந்ததில்லை.

வாக்குறுதியும் புதிதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக்கே 1930-களில் தண்ணீரில் தக்காளி வளர்த்துக் காட்டியபோதும் மண்ணின் காலம் முடிந்தது என்ற ஆரவாரம் எழுந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-ல் வெளியிட்ட அறிக்கையில், நல்ல மண்ணைவிடக் கரைசல் இயல்பாகவே கூடுதல் விளைச்சல் தந்துவிடாது, எல்லையை வகுப்பது ஒளி உள்ளிட்ட சூழல்தான் என்று நிதானமாகக் காட்டினார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் சத்துக் கரைசலுக்கே ஹோக்லண்டின் பெயர்தான். அந்த முறையை ஆழமாக அறிந்தவரே அதன் எல்லையையும் சொல்லியிருக்கிறார்.

9. எல்லாவற்றையும்விட ஆபத்தானது இதன் சமூக விளைவு. கீரையில் பூச்சிமருந்து இருக்கிறது, சாக்கடை நீர் பாய்கிறது என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்துக்கு அலமாரி சொல்லும் பதில்: நீ மட்டும் தப்பித்துக்கொள். குடிநீரில் இந்தக் கதையை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீருக்கும் ஆர்.ஓ.வுக்கும் போனார்கள், பொதுக் குழாய்க்காகக் குரல் கொடுக்க வலுவுள்ளவர்கள் குறைந்தார்கள், குழாயை நம்பியவர்கள் குழாயோடு விடப்பட்டார்கள். பூச்சிமருந்து எச்சத்துக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்புகள் வைத்திருக்கிறது. கோயம்பேடு சந்தைக்கு வரும் கீரையைத் தொடர்ந்து பரிசோதித்து முடிவுகளை வெளியிடு என்று கேட்கத் தெரிந்த வர்க்கம் இது. அந்த வர்க்கம் அலமாரிக் கதவை மூடிக்கொண்டால், கட்டுக் கீரை வாங்கித் தின்னும் பெரும்பான்மைக்காக யார் கேட்பார்கள்? திருவள்ளூர்ப் பக்கத்தில் கீரை போடும் சிறு விவசாயியின் நிலம் மனைகளாக மாறும்போது, “நமக்குத்தான் அலமாரி இருக்கிறதே” என்ற ஆறுதல் நகரத்தின் மனசாட்சியைத் தூங்கவைக்கும்.

அப்படியானால் அலமாரிக்கு இடமே இல்லையா? உண்டு, வெயிலும் மண்ணும் மெய்யாகவே இல்லாத இடங்களில். 2015 ஆகஸ்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தாங்கள் வளர்த்த லெட்டூஸைத் தின்றார்கள். அங்கே சரக்கு அனுப்பும் செலவுக்கு முன் விளக்கின் செலவு தூசு. அண்டார்டிகாவின் நாய்மயர் நிலையத்தில் 2018-ல் ஜெர்மானியர்கள் பனிக்காலம் முழுதும் காய்கறி வளர்த்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் கப்பலே வராத இடத்தில் அது தேவை. திசு வளர்ப்புக் கூடம், நாற்று ஆராய்ச்சி, பள்ளி ஆய்வகம் ஆகியவற்றுக்கும் அது நல்ல கருவி. வெளியே நடமாட முடியாத ஒருவருக்குப் பச்சையைப் பார்த்திருக்கும் மகிழ்ச்சியை அது தருமென்றால் அந்த மகிழ்ச்சியை யாரும் யூனிட் கணக்கில் அளக்க வேண்டியதில்லை. பொழுதுபோக்கைப் பொழுதுபோக்கு என்றே சொல்லுங்கள்; நான் எழுந்து கைதட்டுவேன்.

மண்ணில்லாமல் வளர்க்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் வெயிலை விட்டுக்கொடுக்காத வழிகள் உண்டு. 1946–47-ல் கலிம்பாங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் உருவாக்கிய ‘வங்காள முறை’ ஹைட்ரோபோனிக்ஸ், சாதாரணத் தொட்டியில் சரளையும் மணலும் நிரப்பி, உரக் கலவையைக் கையால் தூவி, தண்ணீர் ஊற்றித் திறந்த வெளியில் நடந்தது, மோட்டாரே கிடையாது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி வகுத்த முறையில் கரைசல் நிரப்பிய மூடிய தொட்டியின் மேல் செடி நிற்கும், மின்சாரம் வேண்டாம். பொள்ளாச்சி தென்னைநார்க் கழிவை உலகம் இறக்குமதி செய்து செடி வளர்க்கிறது. நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஒரு நிழல்வலையும் நாலு பைகளும் மாடியில் போதும். மாடிச் சாவியைக் குடியிருப்போருக்குத் தராத சங்கங்களோடு சண்டை போடுவது அலமாரி வாங்குவதைவிடப் பயனுள்ள விவசாயச் செயல்.

கடைசியாக ஒரு கோரிக்கை. குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் ஆண்டுக்கு எத்தனை யூனிட் குடிக்கும் என்பதை நட்சத்திர முத்திரையோடு ஒட்டித்தான் இந்த நாட்டில் விற்க முடியும். ஹைட்ரோபோனிக்ஸ் அலமாரிக்கும் அந்த விதி வரட்டும். ஒரு கிலோ கீரைக்கு எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் ஆர்.ஓ. நீர், எந்தெந்த உர உப்பு என்று கதவில் கொட்டை எழுத்தில் அச்சிடட்டும். ‘எதிர்கால விவசாயம்’ என்ற பெயரில் இதற்கு மானியம் கேட்டு வருபவர்களிடம் அரசு முதலில் இந்த எண்களைக் கேட்கட்டும். எண்ணைப் பார்த்த பிறகும் விரும்பி வாங்குபவர் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும், அது அவருடைய உரிமை. எண்ணை மறைத்து, பசியையும் பஞ்சத்தையும் காட்டி விற்கும் உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.